கணவாய்க்கு அப்பால் – 9: தமிழ் அறியாத டைரக்டர்

பாப்பிரெட்டிப்பட்டிக் கடைத்தெருவில் நின்று மேற்கே பார்க்கிறவனுக்குச் சேர்வராயன் மலை ஒரு நெடுஞ்சுவரைப் போலத்தான் தோன்றும். வாணியாறு அதன் மடிப்புகளிலிருந்து இறங்கி வருவதைத் தவிர, அந்த மலையோடு எங்கள் ஊருக்கு நெருங்கிய பழக்கம் ஒன்றும் கிடையாது. நாங்கள் பார்ப்பதெல்லாம் அதன் முதுகைத்தான். முகம் சேலத்துக்காரர்களுக்கு உரியது. மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டிச் சேலத்துக்குப் போய், அங்கிருந்து ஏற்காட்டுச் சாலையில் திரும்பினால், மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் இன்றும் ஒரு பழைய வளைவு வாசலைக் காணலாம். அந்த வாசலுக்குள்ளே ஒரு காலத்தில் ராஜ சபைகளும் சிறைச்சாலைகளும் அந்தப்புரங்களும் வாரத்துக்கு ஒன்றாக எழும்பி வாரத்துக்கு ஒன்றாக இடிபட்டன என்பதையும், திருச்செங்கோட்டு நெசவு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில் கற்றுத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை எவ்விதம் நிறுவினார் என்பதையும் சென்ற இதழ்களில் விஸ்தாரமாகப் பார்த்தோம். அந்த வாசலுக்குள் நுழைந்த ஓர் அமெரிக்கரின் கதை இந்த இதழுக்கு உரியது.

அவருடைய பெயரை நான் முதன்முதலாகக் கண்டது எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில். படம் வெளிவந்து எத்தனையோ வருஷங்கள் கழித்து, எம்.ஜி.ஆர். படம் என்ற ஒரே தகுதியினால் ‘மந்திரி குமாரி’யை அங்கே மறுபடி போட்டிருந்தார்கள். ஒரே புரொஜெக்டர், ஆகையால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, தரையில் மணலைக் குவித்து, அதன்மேல் துண்டை விரித்து, முன்னால் உட்கார்ந்தவன் தலை மறைக்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலையோடு அண்ணாந்து கொண்டிருந்த நேரம். எழுத்துக்கள் ஓடின. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வயது என்பதால் என் பெரியப்பாவுக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். “டைரக்‌ஷன்... எல்லிஸ் ஆர். டங்கன்” என்றேன். பெரியப்பா சிறிது யோசித்துவிட்டு, “தங்கனா? தாரமங்கலத்துப் பக்கத்து ஆளா இருப்பாண்டா, அந்தப் பக்கந்தான் தங்கன்னு பேரு வைப்பாங்க” என்று தீர்ப்புச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். அந்தப் படத்தில் பேசப்பட்ட தமிழ் அப்படிப்பட்டது. அதை ஒரு வெள்ளைக்காரர் எடுத்திருக்கக்கூடும் என்று நினைப்பதற்கு அங்கே ஒருவருக்கும் முகாந்தரம் இல்லை.

தாரமங்கலத்துத் தங்கன் பிறந்தது அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் உள்ள பார்ட்டன் என்ற ஊரில், 1909-ஆம் வருஷம் மே மாதம். படக்கலையை ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் அப்போதுதான் அந்தத் தேசத்தில் ஆரம்பித்திருந்தது. கலிபோர்னியாவிலிருந்த தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் அந்தப் பாடத்தைப் படித்த மாணவர்களுள் டங்கன் ஒருவர். மைக்கேல் ஒமலேவ் ஒருவர். இந்தியாவிலிருந்து சென்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளையான மாணிக்லால் டாண்டன் ஒருவர். படிப்பு முடிந்ததும் டாண்டன் தம் சிநேகிதர்கள் இருவரையும் இந்தியாவுக்கு அழைத்தார். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தத்தின் காலம் அது. ஹாலிவுட்டின் வாசலில் வேலைக்குக் காத்து நிற்பவர்களின் வரிசை நீளமாக இருந்தது. கடல் கடந்து சில மாதம் ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்று 1935-ல் கப்பல் ஏறிய இளைஞர், பதினைந்து வருஷம் கழித்துத்தான் திரும்பிப் போனார்.

அந்த 1935-ஆம் வருஷத்துத் தமிழ்ப் படம் எப்படி இருந்தது என்பதைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேசும் படம் பிறந்து நான்கு வருஷமே ஆகியிருந்தது. நாடகக் கம்பெனிகளில் ஓடி வெற்றி கண்ட நாடகங்களை அப்படியே கொண்டுவந்து காமிராவின் முன் நிறுத்தினார்கள். காமிரா ரிஸர்வ் வகுப்பில் டிக்கெட் வாங்கிய கனவானைப் போல ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தது. நடிகர்கள் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்ற பழைய பழக்கத்தில் உரக்கப் பேசினார்கள், கையை வீசினார்கள், பாட்டு நாற்பதும் ஐம்பதும் இருந்தன. டாண்டன் அப்போது ‘நந்தனார்’ எடுத்துக்கொண்டிருந்தார். கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக வேஷம் பூண்டதும், அதற்காக அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டதும் தமிழ்நாடு முழுவதும் வாய்க்கு வாய் பேசப்பட்ட விஷயங்கள். அந்தப் படத்தில் நண்பருக்குக் கைகொடுத்து உதவியதுதான் டங்கனின் தமிழ்ப் பட அரிச்சுவடி.

அடுத்த வாய்ப்புத் தானாக வந்து கதவைத் தட்டியது. கோயமுத்தூரைச் சேர்ந்த மருதாசலம் செட்டியார் ஒரு படம் எடுக்க எண்ணி டாண்டனை அணுக, கை நிறைய வேலை வைத்திருந்த டாண்டன், ‘என்னைவிட இவர் நன்றாகச் செய்வார்’ என்று டங்கனைக் காட்டிவிட்டார். அந்தப் படம்தான் 1936-ல் வெளிவந்த ‘சதி லீலாவதி’. எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னில் தொடர்கதையாக எழுதியது அதன் மூலம், குடியின் கொடுமையைச் சொல்லும் கதை, குடிவெறியில் சிநேகிதனைக் கொன்றுவிட்டோம் என்று எண்ணி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிற ஒரு கனவானின் கதை. ‘பதிபக்தி’ என்ற நாடகத்தைத் திருடிவிட்டார்கள் என்று வழக்கு வந்தபோது, இரண்டுமே ஹென்றி உட் சீமாட்டி எழுதிய ஓர் ஆங்கில நாவலிலிருந்து வந்தவைதாம் என்று வாசன் சொன்னதும், அதனால் வழக்குத் தீர்ந்ததும் ஒரு வேடிக்கை. எம்.கே. ராதா கதாநாயகன். டி.எஸ். பாலையா, என்.எஸ். கிருஷ்ணன், கே.ஏ. தங்கவேலு ஆகியோர் நடிக்க ஒப்பந்தமான முதற்படம் இது. ரங்கய்ய நாயுடு என்ற போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேஷத்தில் வந்த எம்.ஜி. ராமச்சந்திரனுக்கும் இதுவே முதற்படம். ஒரே படத்தில் இத்தனை பேர் அரங்கேறியது டங்கனின் ஞானதிருஷ்டியால் அல்ல. அவர்களையெல்லாம் நாடக மேடையில் அறிந்திருந்தவர் ராதாவின் தந்தையான கந்தசாமி முதலியார். டங்கன் செய்தது, தெரிந்தவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்படி ஏற்றுக்கொள்ளும் குணம், பின்னால் பார்க்கப்போகிறபடி, அவருடைய தொழிலுக்கே அஸ்திவாரமாயிற்று.

பதினைந்து வருஷமும் டங்கன் தமிழ் கற்றுக்கொள்ளவில்லை. ‘வெளிச்சம்’, ‘பேசாதே’ என்கிற அளவுக்குச் சில சொற்கள் பழகியிருக்கலாம். ஒரு வசனத்தைக் கேட்டுப் பொருள் கொள்ளும் தேர்ச்சி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. கதையை இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொள்வார். காட்சிகளைத் துண்டு துண்டாக, எந்தத் துண்டுக்குக் காமிரா எங்கே, எவ்வளவு நெருக்கம் என்று காகிதத்தில் பிரித்துக்கொள்வார். உச்சரிப்புச் சரியா, சொல் விடுபட்டதா என்பதைக் கவனிக்கத் தமிழ் அறிந்த உதவியாளர் பக்கத்தில் இருப்பார். இப்படிப் படம் எடுப்பது ஊமை நாடகத்தைச் செவிடன் நடத்துவது போல ஆகாதா என்று கேட்கலாம். ஆகவில்லை. பாஷை தெரிந்த டைரக்டர் வசனத்திலேயே காதை வைத்திருப்பார். வசனம் நன்றாக வந்துவிட்டால் காட்சியும் நன்றாக வந்துவிட்டது என்று திருப்தி கொள்வார். பாஷை தெரியாதவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் புரிந்தாக வேண்டும். முகத்தில் ஒன்றும் இல்லையென்றால் காட்சியிலும் ஒன்றும் இல்லை. ஆகையால் அவருடைய காமிரா எழுந்து நடந்தது, முகத்தண்டை போயிற்று, சில சமயம் பேசுகிறவனை விட்டுவிட்டுக் கேட்கிறவனைப் பார்த்தது. தமிழ்ப் படத்துக்கு அவரால் விளைந்த லாபங்களில் தலையாயது, அவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்ததே என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் முழுமையாக விட்டுவிடுவார். டங்கன் படங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியவர்களின் பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்தால், அது அந்தக் காலத்துத் தமிழ் வசனத்தின் சரித்திரமாகவே இருக்கும். 1937-ல் வந்த ‘அம்பிகாபதி’யை எழுதியவர் இளங்கோவன் என்ற புனைபெயர் கொண்ட தணிகாசலம். கம்பர் மகனின் காதலைப் படமாக்கப் புகுந்த டங்கன், ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலிய’ட்டில் வேண்டிய பக்கங்களைக் குறித்துக் கொடுத்து, இந்த ரஸம் தமிழில் வர வேண்டும் என்றாராம். இளங்கோவன் மொழிபெயர்க்கவில்லை, தமிழ்க் காதலர்கள் மாடத்தில் நின்று எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசவைத்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுக்காக வந்த கூட்டம் வசனத்தையும் பாடம் செய்துகொண்டு வீடு திரும்பியது. வசனம் எழுதுகிறவர் என்று ஒருவர் உண்டு, அவருக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை ஜனங்கள் அறிந்தது அந்தப் படத்திலிருந்துதான். படம் உருவானது கல்கத்தாவில். ஆனால் தயாரித்த கம்பெனியின் பெயரிலேயே சேலம் இருந்தது. தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தா வரை ரயிலில் போக வேண்டியிருந்த அந்தச் சிரமத்தைத்தான் சுந்தரம் நம் மலையடிவாரத்தில் ஸ்டூடியோவைக் கட்டித் தீர்த்து வைத்தார்.

1940-ல் மூன்று படங்கள். ‘சூர்யபுத்ரி’யைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. ‘காளமேக’த்தில் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையை ஆசுகவியாக நிறுத்தினார்கள். வாத்தியத்தில் ராஜாவாக இருப்பவர் வேஷத்திலும் ராஜாவாக இருப்பார் என்ற அந்தக் கணக்குப் பொய்த்தது. ‘சகுந்தலை’ வேறு ஜாதி. எம்.எஸ். சுப்புலக்ஷ்மி சகுந்தலை, ஜி.என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன். கச்சேரி மேடையின் இரண்டு சிகரங்களை ஒரு காட்டுக்குள் விட்டு, பாட்டைக் கெடுக்காமலும் கதை நிற்காமலும் கொண்டு செலுத்துவது எளிய காரியமல்ல. யுத்த காலத்தில் சர்க்காருக்காகச் செய்திப்படங்களும் விவரணப்படங்களும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த டங்கன், 1945 தீபாவளிக்கு அதே எம்.எஸ். அவர்களை வைத்து ‘மீரா’வைக் கொண்டுவந்தார். அதைப் பற்றிச் சற்று நின்று பேசத்தான் வேண்டும்.

படப்பிடிப்புத் தொடங்குவதற்கு முன்னால், எம்.எஸ். அவர்களின் முகத்தைப் பிளாஸ்டரில் ஒரு பிரதிமையாகச் செய்யச் சொன்னார் டங்கன். அந்தப் பிரதிமையை மேஜை மேல் வைத்து, அவரும் காமிராக்காரர் ஜிதன் பானர்ஜியும் விளக்கை மேலே கீழே, இடமே வலமே என்று நகர்த்தி நகர்த்தி, எந்த வெளிச்சத்தில் கன்னம் எப்படி விழுகிறது, எந்தச் சாய்வில் கண் பெரிதாகிறது, எப்போது அது மானிட முகமாகவும் எப்போது அதற்கு அப்பாற்பட்டதாகவும் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். உயிருள்ள மீரா செட்டுக்கு வந்தபோது விளக்குகள் தங்கள் இடத்தை ஏற்கெனவே அறிந்திருந்தன. சிற்பி கல்லைச் செதுக்கித் தெய்வத்தைக் காண்பான்; இங்கே தெய்வீகக் குரல் படைத்த ஒருவரின் முகத்தைக் காண்பதற்காக முதலில் ஒரு கல்முகத்தைச் செய்தார்கள்! படம் பார்த்தவர்கள் ‘பாட்டிலேயே பக்தி வந்துவிட்டது’ என்றார்கள். பாதி பாட்டில் வந்தது. மற்றப் பாதி அந்தப் பிளாஸ்டர் பொம்மையிலிருந்து வந்தது.

சிறுமி மீரா பெரிய மீராவாக மாறும் இடமும் அப்படியே. சிறுமியாக நடித்தவர் எம்.எஸ். அவர்களின் வளர்ப்பு மகள் ராதா. குழந்தை கண்ணன் விக்கிரகத்தின் முன் பாடிக்கொண்டிருக்கிறாள், பாட்டு ஓடுகிறது, ஸ்வரம் மேலே ஏறுகிறது, அந்த ஏற்றத்தின் உச்சியில் குழந்தையின் முகம் கரைந்து தாயின் முகம் மலர்கிறது, பாட்டு மட்டும் அறுபடவில்லை. ‘பத்து வருஷங்களுக்குப் பின்’ என்று ஒரு பலகையைக் காட்டி வேலையை முடித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது. ராஜபுதனத்துக்கே போய் உதயபுரி, சித்தூர் முதலிய இடங்களில் படம் பிடித்தார். உதயபுரி மகாராணாவின் யானைகளும் குதிரைகளும் ஊர்வலத்துக்கு உதவின. வசனத்தையும் சில பாடல்களையும் எழுதியவர் கல்கி. 1947-ல் இதுவே ஹிந்தியில் வந்தபோது சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ். அவர்களை வடநாட்டுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

இனிக் கணவாய் தாண்டிச் சேலத்துக்கு வருவோம்.

சுந்தரத்துக்கும் டங்கனுக்கும் நடுவே துபாஷி தேவைப்படவில்லை. லீட்ஸில் படித்து, இங்கிலீஷ் மாதை மணந்து, மணி தவறாமையை மதம் போல அனுஷ்டித்த சுந்தரத்துக்கு, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்யும் அமெரிக்கரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. மேலும், சுந்தரம் பணம் போடும் முதலாளி மாத்திரமல்ல. தாமே டைரக்ட் செய்தவர், தாமே வேஷமும் கட்டியவர். 1945-ல் வந்த ‘பர்மா ராணி’யில் ஜப்பானிய ராணுவ அதிகாரியாகவும், ‘சுலோசனா’வில் இந்திரஜித்தாகவும் தோன்றியவர் அவர். காமிராவுக்கு இரண்டு பக்கமும் நின்று பழகிய ஒருவரிடம் வேலை பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. வெளிநாட்டுத் தொழில் நிபுணர் என்பதும் அந்த ஸ்டூடியோவுக்குப் புதிதல்ல. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பால’னை இங்கே எடுத்தபோதே காமிராவுக்குப் பின்னால் ஒரு ஜெர்மானியர் நின்றார்.

சேலத்தில் டங்கன் எடுத்த முதற்படம் 1950 பொங்கலையொட்டி வந்த ‘பொன்முடி’. பாரதிதாசன் எழுதிய ‘எதிர்பாராத முத்தம்’ என்ற காவியம், வசனமும் அவரே. பி.வி. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் காதலர்கள். படம் வெளிவந்ததும் பத்திரிகைகள் சில கொதித்து எழுந்தன: காதலர்கள் இவ்வளவு நெருங்கி நிற்கலாமா, இது நம் பண்பாடா, வெள்ளைக்காரர் கையில் கொடுத்தால் வேறென்ன ஆகும்! அமெரிக்கர்மேல் பழியைப் போடுவது சௌகரியமாக இருந்தது. காவியத்தின் தலைப்பை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்திருந்தால், குற்றவாளி ஒஹையோவில் பிறந்தவரா புதுச்சேரியில் பிறந்தவரா என்பது விளங்கியிருக்கும். தமிழ்க் கவி எழுதிய சிருங்காரத்தைத் தமிழ் தெரியாதவர் உள்ளபடி எடுத்தார். தமிழ் தெரிந்த டைரக்டராக இருந்தால் வெட்கப்பட்டு இரண்டு அடி தள்ளி நிறுத்தியிருப்பார்.

அதே வருஷத்தில் ‘மந்திரி குமாரி’. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதையிலிருந்து ஒரு கிளையை எடுத்து, மு. கருணாநிதி நாடகமாக எழுதியிருந்ததைச் சுந்தரம் படமாக்க விரும்பினார். கவிஞர் கா.மு. ஷெரீப் சொல்லித்தான் கருணாநிதி சேலத்துக்கு வந்தார். ராஜகுருவின் மகன் பார்த்திபன் பகலில் பிரபு, இரவில் கொள்ளைக்காரன். அவனை நம்பி மணக்கிற மந்திரி குமாரி அமுதவல்லி. அவனைப் பிடிக்கப் புறப்படும் தளபதி வீரமோகன். தளபதி எம்.ஜி.ஆர்.; பார்த்திபன் எஸ்.ஏ. நடராஜன், ராஜகுரு எம்.என். நம்பியார், அமுதவல்லி மாதுரி தேவி. கதாநாயகனைக் காட்டிலும் கள்வனுக்கும் அவன் மனைவிக்கும் சிறந்த காட்சிகள் வாய்த்த படம் இது. பக்கம் பக்கமாக ஓடும் அடுக்குமொழி வசனத்தில் ஒரு சொல்லும் விளங்காமல், அந்த அமெரிக்கர் காமிராவின் அருகே நின்று நடராஜனின் புருவத்தையும் உதட்டுக் கோணலையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த வில்லன் இன்றும் நினைவில் நிற்பதற்கு வசனம் ஒரு காரணம் என்றால், புருவம் இன்னொரு காரணம்.

கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிற கட்டம் ஒன்று உண்டு. தள்ளிவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். உல்லாசமாக உலாவ வந்திருக்கிறோம் என்பது அவள் எண்ணம். ஜி. ராமநாதனின் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டு அவர்களை மேலே மேலே அழைத்துச் செல்கிறது. கேட்கிறவனுக்குத் தாலாட்டுப் போல இருக்கிறது. பார்க்கிறவனுக்கு வயிற்றைப் பிசைகிறது. உச்சியில் உண்மை தெரிந்ததும் அவள் அழவில்லை. சாகும் முன் கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்கிறாள். மூன்றாவது சுற்றில் அவன் முதுகுக்குப் பின்னால் வந்ததும், போகிறவன் அவன்தான். எங்கள் டூரிங் கொட்டகையில் அந்த இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த ஆரவாரம், எம்.ஜி.ஆர். வாள் சுழற்றியபோது ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்ததைவிட அதிகம். அந்த மலை எது என்று சேலத்தில் எவரைக் கேட்டாலும் ஏற்காடு என்றுதான் சொல்வார்கள். அன்று திரையில் அதைப் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் அது அடையாளம் தெரியவில்லை. முதுகை மட்டுமே கண்டவர்களுக்கு முகம் எப்படித் தெரியும்? படம் முடிந்து வெளியே வந்தால், அதே மலை நிலா வெளிச்சத்தில் கொட்டகைக்குப் பின்னாலேயே கிடந்தது.

அந்தப் படம் முடிவதற்கு முன்பே டங்கன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார். எஞ்சிய காட்சிகளைச் சுந்தரமே எடுத்து முடித்தார். எழுத்துக்களில் இருவர் பெயரும் வந்தன. டங்கன் பின்னர் மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் நகரத்தில் தங்கி விவரணப்படங்கள் எடுத்தார். ஆயினும் இந்தியக் காடுகளைப் படமெடுக்க வருகிற ஹாலிவுட்காரர்களோடு அவருக்குத் தொடர்பு அறவில்லை. அந்தப் படங்களில் நமக்கு வேண்டியது ஒன்று: 1952-ல் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’. வில்லியம் பெர்க் டைரக்டர். ராட் காமெரான், சீஸர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் நடிகர்கள். நம் நம்பியாருக்கும் அதில் ஒரு வேஷம். தமிழில் அதுவே ‘காடு’. ஆதிகாலத்து ரோம யானைகள் இன்னும் ஒரு காட்டில் உயிரோடு திரிகின்றன என்பது கதை. ரோம யானைக்கு எங்கே போவது? நாட்டு யானைகளின் மேல் சடைசடையாக மயிரைப் போர்த்தி ஓட்டிவிட்டார்கள். கம்பளி போர்த்திய கோயில் யானையைப் பார்த்துச் சீஸர் ரொமேரோ நடுங்குகிற காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. அந்த யானைக்கு எவ்வளவு வியர்த்ததோ!

டங்கன் கடைசிக் காலத்தில் சென்னைக்கு ஒருமுறை வந்து, தாம் அறிமுகப்படுத்தியவர்களில் மிஞ்சியிருந்தவர்களைக் கண்டு போனார். சுயசரிதையும் எழுதினார். 2001 டிசம்பர் முதல் தேதி வீலிங்கில் காலமானபோது அவருக்கு வயது 92. அவருடைய முதற்படத்து இன்ஸ்பெக்டர் அதற்குள் தமிழ்நாட்டின் முதல் மந்திரியாக இருந்து மறைந்தும் ஏறக்குறையப் பதினான்கு வருஷங்கள் ஆகியிருந்தன.

1950-க்குத் திரும்புகிறேன். அமெரிக்கர் போய்விட்டார், காமிரா ஏற்காட்டு அடிவாரத்தில் நிற்கிறது, அதன் பின்னே சுந்தரம் வந்து நிற்கிறார். ஜூன் மாதத்தில் படம் வெளிவந்தது. 26 வயதை அந்த மாதந்தான் எட்டியிருந்தார், ‘மந்திரி குமாரி’க்கு வசனம் எழுதிய திருக்குவளை இளைஞர். சேலத்தில் அவர் குடியிருந்து எழுதிய நாட்களையும், அந்த எழுத்தைச் சுந்தரம் எப்படிக் கத்தரித்தார், எங்கே கத்தரிக்காமல் விட்டார் என்பதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)